கரையில ஒதுங்கின செம்புக்கட்டி எந்தக் கப்பலோடது? பழைய வணிகக் கப்பல்களை அடையாளம் காண்றது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்துக் கப்பல் பத்தி இங்க பேசுறோம்?

சுமாரா 1300ல ஆரம்பிச்சு 1530 வாக்குல முடியுற காலம். இடைக்காலத்தோட கடைசிப் பகுதின்னு வச்சுக்கங்க, வரலாற்றுக்காரங்க எல்லையை அங்க இங்க நகர்த்துவாங்க, அதுக்குள்ள நாம போக வேணாம். பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ், ஜெர்மனி, போர்ச்சுகல் பக்கம் ஓடின சரக்குக் கப்பல்கள். நடுநடுவுல கொரியாவும் நமீபியாவும் வரும், ஏன்னா பேர் கண்டுபிடிக்கிற வேலையில சில நல்ல பாடம் அங்கதான் இருக்கு.

முதல்ல ஆவணத்தைப் பார்க்கணுமா, கிடைச்ச பொருளைப் பார்க்கணுமா?

பொருளை. இதுல எனக்கு சந்தேகமே இல்ல. முதல்ல காகிதத்தைப் படிச்சிட்டு கரைக்குப் போனா பார்க்கிற ஒவ்வொரு ஆணியும் அந்தக் கப்பலோட ஆணியாத்தான் தெரியும். எந்தக் காலம், எந்த ஊர்ல கட்டினது, என்ன சரக்கு, எந்தப் பாதைன்னு பொருளை வச்சே முதல்ல எழுதி முடிச்சிடணும், அதுக்கப்புறம் ஆவணத்தைத் திறந்து எது ஒத்துப்போகுது எது ஒத்துப்போகலன்னு பார்க்கணும். ஒத்துப்போறதைக் காட்டிலும் ஒத்துப்போகாததுதான் நிறைய சொல்லும்.

நடைமுறையில இது எப்பவும் நடக்காது, உண்மைதான். கரையில ஒரு செம்புக்கட்டி கிடைச்ச உடனே ஊர்ல எல்லாருக்கும் கப்பல் பேர் தெரிஞ்சிடும். அதனாலதான் இந்த எச்சரிக்கை.

ஆவணமும் பொருளும் நல்லா சேர்ந்து வந்த கப்பல் ஏதாவது இருக்கா?

இருக்கு. இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில கார்ன்வால், அங்க கன்வாலோன்னு ஒரு ஊர். 1527 ஜனவரியில போர்ச்சுகல் அரசர் மூணாம் ஜோவாவோட கப்பல் சாந்தோ அந்தோனியோ, ஆங்கில ஆவணத்துல செயின்ட் ஆன்டனி, அங்க புயல்ல மாட்டி உடைஞ்சுது. லிஸ்பனுக்கும் இப்போதைய பெல்ஜியத்துல இருக்குற ஆண்ட்வெர்ப்புக்கும் நடுவுல ஓடுற பாதை அது. கப்பல் அரசருடையதா இருந்தாலும் உள்ள இருந்தது முழுக்க வியாபாரச் சரக்கு மாதிரிதான்.

கரைக்கு வந்த பொருளை யார் எடுத்தாங்கன்னு பெரிய சண்டை வந்துச்சு. காட்டால்பின், செயின்ட் ஆபின், மில்லிட்டன்னு மூணு உள்ளூர் பெரிய மனுஷங்க மேல போர்ச்சுகல் தரப்பு வழக்குப் போட்டுச்சு, அது லண்டன்ல ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு (முதல் பேரை கோடால்பின்னும் எழுதுறாங்க). இவங்க மூணு பேரும் சாதாரண ஆள் இல்ல, அந்தப் பகுதியில சட்டம் ஒழுங்கைப் பார்க்க வேண்டிய நீதிபதிகள்! அந்த வழக்குக்காக எழுதின சரக்குப் பட்டியல்தான் இன்னிக்கு நமக்குக் கிடைச்ச சொத்து. 8,000 செம்புக் கட்டி, 18 வெள்ளிக் கட்டி, அந்த ஆண்ட்வெர்ப் பக்கத்து பிளாண்டர்ஸ் துணி, பட்டு, வெல்வெட்டு, முடிதிருத்துறவங்க வைக்கிற பித்தளைத் தட்டு 2,100, மெழுகுவத்தித் தாங்கி 3,200, ஒரு பெரிய பெட்டி நிறைய ஊதுற வாத்தியம், அரசருக்கு நாலு செட் கவசம்னு போய்க்கிட்டே இருக்கும்.

இப்ப நேரா 1981க்கு வாங்க. அதே கன்வாலோ கரையில செம்புக்கட்டி கிடைக்குது, தேடிப் பார்த்தா கடலுக்கடியில இன்னும் இருக்கு. அடுத்த வருஷமே, 1982ல, அந்த இடத்தைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கப்பல் சேதமா அறிவிச்சாங்க. சரக்கு சரி, காலம் சரி, ஊர் சரி. இந்த மூணும் ஒண்ணா விழுறது ரொம்ப அபூர்வம்.

அப்ப அந்தப் பட்டியலை அப்படியே நம்பலாமா?

கூடாது. அது கப்பல்ல ஏத்தும்போது எழுதின கணக்கு இல்ல, சரக்கு போயிடுச்சுன்னு நஷ்டஈடு கேட்டவங்க எழுதினது. கேட்குறவன் எப்பவும் கூட்டித்தான் சொல்லுவான். எதிர்த்தரப்பு என்ன சொல்லுச்சுன்னா, நாங்க உயிரைப் பணயம் வச்சு ஆளுங்களைக் காப்பாத்தினோம், மீட்டது கொஞ்சம்தான், அதுலயும் கப்பல் தலைவர்கிட்ட விலைக்கு வாங்கினதுதான்னு. அவங்க குறைச்சுத்தான் சொல்லுவாங்க. உண்மை நடுவுல எங்கேயோ கிடக்கு.

ஆனா ஒண்ணு கவனிங்க, பொய் சொல்றவன்கூட எண்ணிக்கையிலயும் விலையிலயும்தான் பொய் சொல்லுவான், சரக்கோட வகையில அவ்வளவா சொல்ல மாட்டான். செம்பே இல்லாத கப்பலுக்கு 8,000 செம்புக்கட்டின்னு வழக்குப் போட முடியாது, ஏன்னா சாட்சிங்க எல்லாம் அதே கரையில நின்னுக்கிட்டிருந்தவங்க. அதனால வகையை நம்புங்க, எண்ணிக்கையைச் சந்தேகப்படுங்க. என் கணக்கு அதான்.

எத்தனையோ கப்பல் முழுகியிருக்கு, ஏன் பலதுக்கு ஒரு வரி ஆவணம்கூட இல்ல?

ஏன்னா கப்பல் முழுகினதை எழுதி வைக்கணும்னு யாருக்கும் கடமை இல்ல. சுங்க அதிகாரி வந்த சரக்குக்கு வரி எழுதுவார், போற சரக்குக்கு எழுதுவார், வராம போன கப்பலுக்கு எழுத அவருக்கு ஒண்ணும் இல்ல. காகிதம் எப்ப பிறக்குதுன்னா சண்டை வரும்போது. ஒதுங்கின பொருள் அரசருக்கா, நிலத்துக்காரப் பிரபுவுக்கா, எடுத்தவனுக்கா, இல்ல இழந்த வியாபாரிக்கான்னு தகராறு வந்தா கமிஷன் போடுவாங்க, சாட்சி கேப்பாங்க, அது தோல்சுருள்ல ஏறும். எல்லாரும் செத்து, சரக்கை ஊர்க்காரங்க பங்கு போட்டுக்கிட்டு, கேக்க நாதி இல்லாம போச்சுன்னா ஒரு சொட்டு மையும் செலவாகாது. மூணு பேர் தப்பிச்சு வந்து ஊரையே ரெண்டாக்கினா நமக்கு பத்து பக்கம் கிடைக்கும்.

ஒதுங்கின சரக்கு யாருக்குன்னு அந்தக் காலத்துல சட்டம் இல்லையா?

இருந்துச்சு, அதைத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் ஆவணத்துல வர்ற சில விசித்திரமான வரி புரியும். இங்கிலாந்துல 1275ல வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் என்ன சொல்லுச்சுன்னா, உடைஞ்ச கப்பல்லேர்ந்து ஒரு மனுஷனோ நாயோ பூனையோ உயிரோட தப்பிச்சிருந்தா அது ‘உரிமை விட்டுப்போன கப்பல்’ கிடையாது, சொந்தக்காரர் ஒரு வருஷம் ஒரு நாளுக்குள்ள வந்து நிரூபிச்சு சரக்கை எடுத்துக்கலாம். பூனையைச் சட்டத்துல எழுதினவங்க பூனை பிரியரா என்னன்னு கேக்காதீங்க, கப்பல்ல எலிக்காக பூனை எப்பவும் இருக்கும், அவ்வளவுதான். விளைவு என்னன்னா, விசாரணையில சாட்சிங்க ‘உயிரோட யாரும் வரல’ன்னு அழுத்திச் சொன்னா அது சோகம் மட்டும் இல்ல, சொத்து வாதம். அந்த வரியை வச்சு கப்பல் எவ்வளவு மோசமா உடைஞ்சுதுன்னு முடிவு பண்ணாதீங்க.

இந்தப் பிரச்சினை ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமில்ல. ஆந்திரக் கரையில மோட்டுப்பள்ளியில காகதீய அரசர் கணபதிதேவர் 1244 வாக்குல வெட்டின தூண் கல்வெட்டும் இதே பேச்சுதான்: புயல்ல அடிச்சுக் கரை ஒதுங்குற கப்பலோட சரக்கை முன்னாடி இருந்த ராஜாக்கள் மொத்தமா பிடுங்கிக்கிட்டாங்க, நான் சுங்கம் மட்டும்தான் வாங்குவேன்னு வியாபாரிங்களுக்கு அபயம் கொடுக்குறார்.

சரி, எந்தெந்த ஆவணத்தைத் தேடணும்?

இங்கிலாந்தைப் பொறுத்தவரைக்கும் முதல் இடம் துறைமுகச் சுங்கக் கணக்கு. கப்பல் பேர், தலைவர் பேர், வந்த தேதி இல்ல போன தேதி, எந்த வியாபாரி என்ன சரக்கு எவ்வளவு மதிப்புன்னு வரிசையா இருக்கும். அப்புறம் அரச உத்தரவுச் சுருள்கள், அதுல கப்பல் கொள்ளை விசாரணைக்குப் போட்ட கமிஷன் எல்லாம் வரும். சான்சரி நீதிமன்றத்துக்கு வியாபாரிங்க கொடுத்த மனு, கடல் நீதிமன்ற வழக்கு, பிரபுக்களோட வரவு செலவுக் கணக்கு, இப்படி.

இதோட நிறுத்தினா பாதி வேலைதான். கப்பல் உடைஞ்ச ஊர்ல ஒண்ணும் இல்லாட்டி கிளம்பின ஊர்லயும் போய்ச் சேர வேண்டிய ஊர்லயும் தேடணும். சரக்கு ஏத்த ஒப்பந்தம் போட்ட நோட்டரி ஏடு, நஷ்டமான வியாபாரி தன் அரசர்கிட்ட போட்ட மனு, ரெண்டு அரசருக்கு நடுவுல போன கடிதம். பல நேரம் விடை வேற நாட்டுல வேற மொழியில தூங்கிக்கிட்டிருக்கும்.

பழைய கையெழுத்து, லத்தீன் எல்லாம் தெரியாம இதுல இறங்க முடியுமா?

இறங்கலாம். அரச உத்தரவுச் சுருள்களுக்கு ஆங்கிலத்துல சுருக்கம் அச்சுல வந்திருக்கு, தேடுறதுக்கு அது போதும். முடிவெடுக்க போதாது. சுருக்கினவர் தனக்கு முக்கியமாப் பட்டதை மட்டும் வச்சுக்கிட்டு சரக்குப் பட்டியலை ‘பலவகைப் பொருள்கள்’னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பார், உங்களுக்கு வேண்டியது அந்தப் பட்டியல்தானே. அந்த இடம் வரும்போது படிக்கத் தெரிஞ்சவங்களைப் பிடிங்க.

தேதி ஒத்து வரலன்னா அந்தக் கப்பல் இல்லன்னு விட்டுடலாமா?

அவசரப்படாதீங்க. அப்போ இங்கிலாந்துல புது வருஷம் மார்ச் 25ல ஆரம்பிக்கும். அதனால 1527 ஜனவரியில நடந்ததை அவங்க 1526னுதான் எழுதுவாங்க, செயின்ட் ஆன்டனியை சில புத்தகத்துல 1526னு பார்க்குறதுக்கும் இதான் காரணம். இன்னொரு வழக்கம் அரசர் பட்டத்துக்கு வந்த ஆண்டுக்கணக்கு: எட்டாம் ஹென்றியோட 18ஆம் ஆட்சியாண்டுன்னு இருந்தா அது 1526 ஏப்ரல் 22ல ஆரம்பிச்சு 1527 ஏப்ரல் 21 வரைக்கும். நாளுக்குப் பதிலா ‘இன்ன புனிதர் திருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை’ன்னு எழுதுறதும் சகஜம். பிற நாட்டு ஆவணத்துல வருஷம் வேற நாள்ல ஆரம்பிக்கலாம். அதோட மொத்த ஐரோப்பாவும் ஜூலியன் நாட்காட்டியில இருந்துச்சு, அன்னிக்கு அமாவாசையா, ஓதம், அதாவது கடல் ஏத்த இறக்கம், எப்படி இருந்துச்சுன்னு கணக்குப் போடுறவங்க இன்னிக்கு நாட்காட்டியோட இருக்குற அந்த எட்டுலேர்ந்து பத்து நாள் வித்தியாசத்தைச் சரி பண்ணாம போட்டா மொத்தமும் தப்பாயிடும்.

கப்பல் உடைஞ்ச தேதி வேற, புகார் கொடுத்த தேதி வேற, கமிஷன் போட்ட தேதி வேற. மூணுக்கும் நடுவுல மாசக்கணக்கு, சில நேரம் வருஷக்கணக்கு இருக்கும்.

ஆவணத்துல கப்பல் பேரே இருந்தா வேலை முடிஞ்சுதுதானே?

மேரி, நிக்கலஸ், கேத்தரின், டிரினிட்டி, ஆன்டனி. துறைமுகத்துல பாதிக் கப்பலுக்கு இதுல ஒரு பேர்தான். பேரை மட்டும் வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பேரு, சொந்தத் துறைமுகம், தலைவர் பேர் மூணும் சேர்ந்தாத்தான் ஒரு கப்பலைப் பிடிக்க முடியும். அதுலயும் தலைவர் மாறுவார், கப்பலை வித்தா துறைமுகம் மாறும், பிடிபட்ட கப்பலுக்குப் பேரே மாறிடும்.

காசு கிடைச்சா வருஷம் தெரிஞ்சிடும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. காசு சொல்றது ‘இந்த வருஷத்துக்கு முன்னாடி இல்ல’ன்னு மட்டும்தான், அதுக்கு எவ்வளவு பின்னாடின்னு அது சொல்லாது. நூறு வருஷப் பழைய காசும் பையில கிடக்கும்.

ஆனா காசு எங்க கிடந்துச்சுன்றது சில நேரம் எல்லாத்தையும் மாத்திடும். வேல்ஸ்ல நியூபோர்ட் ஊர்ல அஸ்க் ஆத்தங்கரையில 2002ல கலைமன்றம் கட்டத் தோண்டும்போது ஒரு பெரிய கப்பல் கிடைச்சுது, 30 மீட்டர் நீளம் இருக்கும். அதோட அடியில நீளவாக்குல ஓடுற ஏரா கட்டையும் முன்பக்கத்துக் கட்டையும் சேருற இடத்துல சின்னதா ஒரு குழி வெட்டி, அதுக்குள்ள ஒரு பிரெஞ்சு வெள்ளிக்காசு வச்சு மூடியிருந்தாங்க. கட்டும்போது நல்லதுக்கு வச்ச காசு. அது பிரான்ஸ்ல க்ரெமியூ அக்கசாலையில 1447ல அடிச்ச பெத்தி பிளான். பின்னாடி யாரும் உள்ள சொருகியிருக்க வாய்ப்பே இல்லாத இடம், அதனால கப்பல் 1447க்கு முன்னாடி கட்டலன்னு அடிச்சுச் சொல்லலாம். கீழ மண்ணுல சிதறிக் கிடந்த காசுன்னா இவ்வளவு தைரியமா சொல்ல முடியாது.

மர வளையம் பார்த்து வருஷம் சொல்றது எவ்வளவு துல்லியம்?

பட்டை ஒட்டின கடைசி வளையம் வரைக்கும் மரத்துல இருந்தா வெட்டின வருஷமே வந்துடும், சில சமயம் குளிர்காலமா கோடையான்னுகூட. பட்டையைச் செதுக்கி எறிஞ்சிருந்தா ‘இதுக்கு அப்புறம்’னு ஒரு கீழ் எல்லைதான். ஜெர்மனியில வேசர் ஆத்துல 1962ல தூர்வாரும்போது கிடைச்ச பிரேமன் கப்பலுக்கு மரம் வெட்டினது 1378. கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடியே வெள்ளம் கட்டுற இடத்துலேர்ந்து அடிச்சுட்டுப் போயிருக்கணும்னு நினைக்கிறாங்க. அது வட ஐரோப்பாவுல ஓடின ‘காக்’ங்கிற சரக்குக் கப்பல் வகைன்னு கண்டுபிடிச்சது எப்படின்னு கேட்டா அதுவும் சுவாரசியம், அந்தக் காலத்து ஊர் முத்திரைகள்ல பொறிச்ச கப்பல் படத்தோட ஒப்பிட்டுப் பார்த்துத்தான்.

நியூபோர்ட் கப்பல் விஷயத்துல வளையம் முதல்ல எங்கேயும் பொருந்தல. ஒரு பகுதி மரத்தோட வளையம் இன்னொரு பகுதி அட்டவணையோட (வருஷவாரியா வளையத்தோட அகலத்தைக் குறிச்சு வச்சது) ஒத்துப்போகாது, அந்தந்த ஊர் மழை வெயில் வேற. அப்புறம் வட ஸ்பெயின் பாஸ்க் பகுதி ஓக் மரங்களோட அட்டவணை தயாரானதும் பொருந்துச்சு, மரம் வெட்டினது 1449. இது வெறும் வருஷம் இல்ல, கட்டின ஊரும் சேர்ந்து வந்துடுச்சு. ஒரு எச்சரிக்கை, மரம் விலைபோகுற சரக்கு, பால்டிக் கரையில வெட்டின பலகை இங்கிலாந்துல கப்பலாகும். ரிப்பேருக்குப் போட்ட பலகை வேற, முதல்ல போட்ட மரச்சட்டம் வேற. ஒரே ஒரு துண்டு மரம் கரை ஒதுங்கிச்சுன்னா அதை வச்சு கட்டின ஊரைச் சொல்றது தைரியம் இல்ல, அசட்டுத்தனம்.

இவ்வளவு இருந்தும் நியூபோர்ட் கப்பலுக்கு ஏன் பேர் இல்ல?

எனக்குப் பிடிச்ச கேள்வி. கட்டின காலம் தெரியும், பகுதி தெரியும், போர்ச்சுகல் காசும் பானையும் கிடைச்சதால எந்த வியாபாரத்துல ஓடுச்சுன்னும் தெரியும், 1460கள் கடைசியில ரிப்பேருக்காகக் கரையில ஏத்தி நிறுத்தும்போது சாய்ஞ்சு போச்சுன்றதும் தெரியும். அதோட ஒரு ஆவணமும் இருக்கு. 1469 நவம்பர்ல வார்விக் பிரபு, இங்கிலாந்து அரசர்களையே அரியணையில ஏத்தி இறக்கினவர்னு பேர் வாங்கின ஆளு, நியூபோர்ட்ல ஒரு கப்பல் வேலைக்காக பணம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடுறார். அந்த ஊர் டிராஹேர்ன் ஆப் மெரிக்குக்கு 10 பவுன், இன்னொருத்தருக்கு காசாவும் இரும்பாவும் உப்பாவும் கொடுக்கச் சொல்றார். ஊர் ஒத்துப்போகுது, காலம் ஒத்துப்போகுது, யாருக்குத்தான் ஆசை வராது.

ஆனா அந்த உத்தரவுல கப்பல் பேர் இல்ல, எந்த நாட்டுக் கப்பல்னு இல்ல, எவ்வளவு பெருசுன்னு இல்ல. அது துறைமுக ஊர், ஒரே நேரத்துல ரெண்டு கப்பல் வேலை நடக்கக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் கிடையாது. அதனால ‘இதா இருக்கலாம், வாய்ப்பு நல்லாவே இருக்கு’ன்றதோட நிறுத்தியிருக்காங்க. நல்ல ஆராய்ச்சின்னா இப்படித்தான் இருக்கணும்னு நான் நினைக்கிறேன், நம்மளா இருந்தா மறுநாளே ‘வார்விக் கப்பல்’னு போர்டு வச்சிருப்போம்.

சரக்குலயே எழுத்து இருந்தா?

அது அதிர்ஷ்டம். தென்கொரியாவுல சினான் கடல்ல 1975ல ஒரு மீனவர் வலையில பீங்கான் ஜாடி மாட்டுச்சு, 1976ல ஆரம்பிச்சு 1984 வரைக்கும் எடுத்தாங்க. 20,000க்கு மேல பீங்கான், 28 டன் சீனச் செப்புக்காசு, அதோட சரக்குல கட்டித் தொங்கவிட்ட 360க்கு மேல மரச்சீட்டு. சீட்டுல 1323ஆம் வருஷத்து மாசமும் நாளும், சரக்கு யாருக்குன்னும் மையில எழுதியிருக்கு. ஜப்பான்ல கியோத்தோவுல இருக்குற தோஃபுகுஜி கோயில் பேரு அதுல வருது. அந்தக் கோயில் 1319ல தீப்பிடிச்சுதுன்னு வேற ஆவணம் சொல்லுது, திரும்பக் கட்டப் பணம் சேர்க்குற வியாபாரமா இது இருக்கலாம்னு அங்கேர்ந்து யோசிக்கிறாங்க. கிளம்பின ஊருக்கு ஆதாரம் ஒரு எடைக்கல், அதுல சிங்யுவான்னு, இப்போதைய நிங்போ ஊரோட அப்போதைய பேர், பொறிச்சிருக்கு.

இவ்வளவு தெரிஞ்சும் கப்பல் பேர் மட்டும் இல்ல பாருங்க. சினான் கப்பல்னு கிடைச்ச ஊர் பேர்லதான் கூப்பிடுறாங்க.

ஐரோப்பாவுல இந்த அளவுக்கு எழுத்து கிடைக்காது, அங்க வியாபாரி அடையாளக் குறி உண்டு. பீப்பாய் மூடியில, துணி மூட்டையில, உலோகக் கட்டியில கோடும் சிலுவையுமா கீறி வைப்பாங்க. சில சுங்கக் கணக்குலயும் வியாபாரி கடிதத்துலயும் அதே குறியை ஓரத்துல போட்டிருப்பாங்க. அப்படி ஒரு ஜோடி சேர்ந்தா அதுக்கு நான் பத்து காசைத் தூக்கிக் கொடுப்பேன்.

கரை ஒதுங்கின பொருள் எந்த இடத்துக் கப்பல்லேர்ந்து வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?

கனமானது நகராது, லேசானது ஊர் சுத்தும். செம்புக்கட்டி, கல்குண்டு, அடிபாரக் கல் (கப்பல் கவுந்துடாம அடியில ஏத்துற கல்) எல்லாம் கப்பல் உடைஞ்ச இடத்துக்குக் கிட்டத்தான் கிடக்கும், பெரிய புயல் மணலை வாரிட்டுப் போகும்போது தலை காட்டும், அடுத்த வாரமே மூடிக்கும். மரம், பீப்பாய்த் துண்டு, கார்க்கு இதெல்லாம் நீரோட்டத்துல எவ்வளவு தூரம் வேணா போகும். அதனால ஒதுங்கின மரத்தை வச்சு கடல்ல நேர் எதிர தேடுறதுல அர்த்தமில்ல, செம்பை வச்சுத் தேடலாம்.

பெரிய சிக்கல் என்னன்னா கப்பல் உடைக்கிற கரை ஒண்ணோட நிறுத்தாது. கன்வாலோவையே எடுத்துக்கங்க. அதே ஊர்க் கரையில 1684 ஏப்ரல்ல ஷீடாம்னு ஒரு கப்பல் போச்சு, மொராக்கோ டான்ஜியர்லேர்ந்து ஆங்கிலேயர் காலி பண்ணிட்டு வந்த பீரங்கியும் தளவாடமும் அதுல. அந்தக் குடாவுக்கே டாலர் கோவ்னு பேர் வர்ற அளவுக்கு ஸ்பானிஷ் வெள்ளிக்காசும் ஒதுங்கியிருக்கு, அது அதுக்கும் பின்னாடி காலத்துக் கதை. இப்ப அந்த மணல்ல ஒரு இரும்புத் துண்டு கிடைச்சா எதுன்னு சொல்வீங்க? கரையில ஒண்ணா கிடந்துச்சுன்றதுக்காக ஒரே கப்பல்னு சேர்க்காதீங்க, ஒவ்வொரு பொருளும் தன் வயசைத் தனியா நிரூபிக்கணும்.

ஊர்ல பரம்பரையாச் சொல்ற கதைக்கு மதிப்பு இருக்கா?

இருக்கு, திசை காட்ட. கன்வாலோ சர்ச்சுல ஓவியம் தீட்டின பழைய மரப்பலகை இருக்கு, அது செயின்ட் ஆன்டனி மரம்னு ஊர்ல சொல்வாங்க. கடலோரத்துலயே நிக்கிற சர்ச்சு, சொல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். அந்தக் கதையை வச்சு கப்பல் உடைஞ்ச நினைவு ஊர்ல தங்கியிருக்குன்னு சொல்லலாம், பலகை கப்பலோடதுன்னு சொல்லணும்னா மரத்தைத்தான் கேக்கணும்.

கதை எவ்வளவு தூரம் தப்பாப் போகும்னா, தெற்கு இங்கிலாந்துல ஹாம்பிள் ஆத்துச் சேத்துல கிடந்த ஒரு பெரிய கப்பலை வைக்கிங் காலத்துக் கப்பல்னு நம்பிக்கிட்டிருந்தாங்க. 1933ல சரியா அளந்து பார்த்தப்பதான் அது ஐந்தாம் ஹென்றி கட்டின, 1439ல இடி விழுந்து எரிஞ்ச கிரேஸ் டியூன்னு தெரிஞ்சுது. வணிகக் கப்பல் இல்லதான், ஆனா ஐநூறு வருஷம் முன்னப் பின்ன போன கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எவ்வளவு ஒத்துப்போனா பேர் வைக்கலாம்?

எண்ணிக்கை சொல்ல முடியாது. நான் பார்க்கிறது ஒண்ணுதான், இந்தப் பேரைப் பொய்யாக்க என்னென்ன இருக்குன்னு தேடிப் பார்த்தாங்களா? ஓக் மரம், மண்பானை, இரும்பு ஆணி ஒத்துப்போச்சுன்னா அது ஒண்ணும் இல்ல, எல்லாக் கப்பல்லயும் அதான். வேற எந்தக் கப்பல்லயும் சாதாரணமா வராத ஒண்ணு ஆவணத்துலயும் இருந்து கடல்லயும் இருக்கணும்.

நமீபியாவுல ஒரான்யமுண்ட் வைரச் சுரங்கத்துல 2008ல கிடைச்ச போர்ச்சுகீசியக் கப்பல் இதுக்கு நல்ல பாடம், காலம் கொஞ்சம் தள்ளிப் போனாலும். 2,000க்கு மேல தங்கக்காசு, ஜெர்மனியில பெரிய வியாபாரம் பண்ண ஃபுகர் குடும்பத்தோட திரிசூலக் குறி போட்ட செம்புக்கட்டி, யானைத் தந்தம். மூணாம் ஜோவாவோட பெரிய தங்கக்காசு 1525 முதல் 1538 வரைக்கும்தான் அடிச்சாங்க. இந்தியாவுக்குப் போன போர்ச்சுகல் கப்பல்களுக்கு வருஷவாரியா பட்டியல் உண்டு, அந்த இடைவெளியில அந்தப் பக்கம் காணாம போனதுன்னு பார்த்தா 1533ல கிளம்பின பொம் ஜெசுஸ் முன்னாடி வந்து நிக்குது. ஆனா ஒண்ணு இடிச்சுது, தங்கத்துல பெரும்பகுதி ஸ்பெயின் காசு. போர்ச்சுகல் கப்பல்ல ஏன்? தேடினா அதே 1533 பிப்ரவரியில எழுதின ஒரு கடிதம், அந்தக் கப்பற்கூட்டத்துல முதலீடு பண்ண வியாபாரிங்ககிட்டேர்ந்து 20,000 குருசாடோ (போர்ச்சுகல் தங்கக்காசு) மதிப்புத் தங்கம் வாங்கி வர அரசர் ஸ்பெயின்ல இருக்குற செவில்லுக்கு ஆள் அனுப்பினதைச் சொல்லுது. இடிச்ச இடமே கடைசியில பலமான ஆதாரமாயிடுச்சு. இருந்தும் கவனமா எழுதுறவங்க இன்னும் ‘பெரும்பாலும் பொம் ஜெசுஸ்’னுதான் எழுதுறாங்க.

ஆங்கிலக் கால்வாய்ல சரக்கு ஏத்தின சின்னக் கப்பலுக்கு இந்த மாதிரி பட்டியல் கிடையாது. முழுப் பட்டியல் இல்லாத இடத்துல ‘வேற கப்பல் இல்ல, அதனால இதுதான்’னு சொல்ற வாதம் செல்லாது.

நானே ஏதாவது கண்டெடுத்தா என்ன பண்ணணும்?

எடுக்கிறதுக்கு முன்னாடி படம், பக்கத்துல ஒரு அளவுகோல் வச்சு. ஜிபிஎஸ் இடம், தேதி, ஓதம் ஏறியிருந்துச்சா இறங்கியிருந்துச்சா, மணல் மேலயா உள்ளயான்னு குறிச்சுக்கங்க. இடம் தெரியாத பொருள் ஆராய்ச்சிக்குக் கிட்டத்தட்ட உதவாது. தேய்க்காதீங்க, குறிப்பா உலோகத்தை, அந்த அழுக்குக்குக் கீழதான் குறி இருக்கும். மரம் ஈரமா இருந்தா ஈரமாவே வைங்க, காஞ்சா சுருங்கி வெடிச்சிடும், வளையமும் போச்சு, உளிபட்ட தடமும் போச்சு. பலகை இடுக்குல அடைச்ச பாசி, மாட்டு முடி, தார் எல்லாம் கலப்பத்து அடிச்ச பொருள், குப்பைன்னு பிடுங்கிப் போடாதீங்க, எந்தப் பக்கத்துக் கட்டுமானம்னு அதுவே சொல்லும்.

பிரிட்டன்ல கரையிலயோ கடல்லயோ கப்பல் சேதப் பொருள் எடுத்தா 28 நாளுக்குள்ள அதுக்குன்னு இருக்குற அரசு அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், 1995 சட்டப்படி கட்டாயம். மற்ற நாட்டுல சட்டம் வேற வேற, எடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கிறது நல்லது.

பாதுகாக்கப்பட்ட இடத்துல டைவிங் போய்ப் பார்க்கலாமா?

பிரிட்டன்ல 1973 சட்டத்துல அறிவிச்ச இடம்னா அனுமதிச் சீட்டு இல்லாம உள்ள இறங்கக்கூடாது, செயின்ட் ஆன்டனி இடமும் அதுல சேர்ந்ததுதான். பார்க்க மட்டும் தனி அனுமதி கொடுக்குறாங்க, தோண்ட, எடுக்க வேற அனுமதி. கரையில நடக்க யார்கிட்டயும் கேக்க வேணாம், பெரிய தென்மேற்குக் காத்து அடிச்ச மறுநாள் போங்க.